மாணவர் செய்த வாகனங்களும் வாவிக்கரையின் தேவையும்

கிழக்கிலங்கையில் மாரிகாலம் தொடங்கிவிட்டால் போக்குவரத்து உயிர்ப்பிரச்சினையாக மாறிவிடுகிறது. வாவியும் வயலும் ஒன்றாகி, வீதி எங்கே முடிகிறது வெள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நாட்கள் ஆண்டுதோறும் வந்து போகின்றன. அத்தகையதொரு நாளில், 2024 நவம்பர் 26 ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில் வெள்ளம் குறுக்கறுத்த வீதியைக் கடக்க முற்பட்ட உழவு இயந்திரம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. நிந்தவூரிலிருந்து சம்மாந்துறையிலுள்ள தமது வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் அதில் பயணித்தனர். அவர்களுள் பலர் வீடு போய்ச் சேரவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2021 நவம்பர் 23 ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலத்திற்குப் பதிலாகத் தற்காலிகமாகச் சேவையிலிருந்த மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்ட பலர் பலியாகினர்.

இவ்விரு துயரங்களிலும் யார் பொறுப்பு என்ற கேள்வி அவ்வப்போது எழுப்பப்பட்டே வந்துள்ளது. அதனை மீண்டும் கிளறுவது எமது நோக்கமல்ல. எவரும் அதிகம் எழுப்பாத வேறொரு கேள்வியை நாம் இங்கு முன்வைக்க விரும்புகிறோம். நெல்மூட்டை ஏற்றுவதற்கென உருவான பெட்டியொன்றில் எமது பிள்ளைகள் ஏற்றப்படுகின்றனர். அன்றைய தினம் அதைவிட வேறு வழி இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். இப்பிரதேசத்தின் நீரையும் சேற்றையும் உப்புக்காற்றையும் மக்களின் வருமானத்தையும் கணக்கிலெடுத்து, இம்மக்களை ஏற்றிச் செல்வதற்கென எவரேனும் ஒரு வாகனத்தை வடிவமைத்துப் பார்த்ததுண்டா?

ஐந்து ஆண்டுகால இடைவெளிக்குப் பின்னர், 2025 பெப்ரவரி முதலாம் திகதி தொடக்கம் தனியார் வாகனங்களின் இறக்குமதிக்கு நாட்டில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. அதன் பின்னர் வாகனங்களின் விலையும் வரியும் பற்றிய பேச்சே எங்கும் கேட்டது. எந்த வாகனத்தை வாங்கலாம் என்று சிந்திக்கும் நாம், எந்த வாகனம் எமக்குத் தேவை என்று சிந்திப்பதில்லை. இவ்வேளையில், உலகின் சில நாடுகளில் பல்கலைக்கழக மாணவர்கள் தமது கைகளால் வடிவமைத்து உருவாக்கிய வாகனங்களின் கதையை நோக்குவது பயனுடையதாகும்.

எண்ணக்கரு வாகனம் என்பது விற்பனைக்காகச் செய்யப்படுவதன்று. இப்படியொரு வாகனம் இருந்தால் எப்படியிருக்கும் என்ற கேள்விக்கு உருவம் கொடுத்துப் பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. 1938 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் உருவான பியூக் வை-ஜொப் என்ற காரே இவ்வகையில் உலகின் முதலாவது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அது விற்பனைக்கு வரவில்லை. ஆயினும் அதில் காட்டப்பட்ட பல அம்சங்கள் பிற்காலக் கார்களில் இடம்பிடித்தன.

பெரும் நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இவ்வேலை, காலப்போக்கில் கல்விக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது. வாகன வடிவமைப்பைக் கற்கும் மாணவன் முதலில் செய்வது அழகான படம் வரைவதல்ல. வாகனத்தில் யார் ஏறப்போகிறார், அவருடைய முழங்கால் எங்கே இருக்கும், முதியவர் ஒருவர் எவ்வளவு உயரத்திற்குக் காலைத் தூக்க முடியும், சுமை எங்கே அமர்ந்தால் வாகனம் சரியாது என்பவற்றையே அவன் முதலில் அளக்கிறான். அதன்பின் படம், அதன்பின் களிமண்ணில் சிறிய மாதிரி, பிறகு முழு அளவிலான மாதிரி, இறுதியில் சில்லில் ஓடும் வண்டி என்று வேலை நகர்கிறது. தாளில் சரியாயிருந்த பல விடயங்கள் உலோகத்தில் பிழைத்துப் போவதை அவன் தன் கண்ணாலேயே காண்கிறான். பரீட்சை மண்டபத்தில் கிடைக்காத அறிவு இது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அவுஸ்திரேலியாவில் 1987 தொடக்கம் நடைபெற்றுவரும் உலக சூரியசக்தி வாகனப் போட்டியாகும். வடக்கே டார்வினிலிருந்து தெற்கே அடெலெயிட் வரை ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் தூரத்தைப் பெருமளவுக்குச் சூரிய ஒளியின் வலுவிலேயே கடக்க வேண்டும். வாகனத்தின் முதுகில் பொருத்தக்கூடிய சில சதுர மீற்றர் மின்கலத் தகடுகள் தரும் வலு, எமது வீடுகளில் துணி அழுத்தும் மின்னழுத்தி ஒன்றுக்குத் தேவைப்படும் அளவினதே. அவ்வளவு சிறிய வலுவைக் கொண்டு ஒரு கண்டத்தைக் கடப்பதென்றால் ஒவ்வொரு கிராம் எடைக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். காற்று எங்கே தடுக்கிறது, ரயர் எங்கே உராய்கிறது, மின்சாரம் எங்கே வீணாகிறது என்று தேட வேண்டும். பற்றாக்குறையே அங்கு ஆசானாக அமைகிறது. பற்றாக்குறையில் வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு இது அந்நியமான பாடமாக இருக்க முடியாது.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2013 இல் இப்போட்டிக்கு ‘ஸ்டெல்லா’ என்ற வாகனத்தைக் கொண்டுசென்றனர். ஏனைய குழுக்கள் பலவும் ஒருவர் மட்டுமே படுத்தவாறு செலுத்தும் ஓட்டப்பந்தய வண்டிகளைச் செய்துவந்த வேளையில், இம்மாணவர்கள் ஒரு குடும்பம் அமர்ந்து செல்லக்கூடிய நான்கு இருக்கை வாகனத்தைச் செய்தனர். பலர் பயணிக்கும் வாகனங்களுக்கென அவ்வாண்டு புதிதாகத் தொடங்கப்பட்ட பிரிவில் வெற்றியீட்டிய இப்பல்கலைக்கழகம், 2015, 2017, 2019 ஆகிய போட்டிகளிலும் அவ்வெற்றியைத் தக்கவைத்துக்கொண்டது. அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு மாணவர் குழு 2020 இல் ‘லூக்கா’ என்ற சிறிய மின்சாரக் காரை உருவாக்கியது. கடலில் இருந்து மீட்கப்பட்ட பிளாஸ்டிக்கும் ஆளி நாரும் சேர்ந்த பலகைகளால் அதன் அடிச்சட்டகம் அமைந்திருந்தது. தமது மண்ணில் விளையும் நாரைக் கொண்டு அவர்கள் கார் செய்கின்றனர் என்ற செய்தியைத் தென்னந்தும்பும் பனைநாரும் விளையும் ஊரிலிருந்து வாசிக்கும்போது, எமது நாரை எவரும் இவ்வாறு சோதித்துப் பார்க்கவில்லையே என்ற எண்ணம் எழாமலில்லை.

தமிழ்நாட்டிலும் இம்முயற்சி நடந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களின் ‘அக்னிரத்’ குழுவினர் ‘ஆக்னேயா’ என்ற சூரியசக்தி வாகனத்தை உருவாக்கி, 2023 ஒக்டோபரில் அவுஸ்திரேலியப் போட்டியில் பங்குபற்றினர். பல தசாப்த அனுபவமும் பெரும் நிறுவனங்களின் ஆதரவும் கொண்ட ஐரோப்பியக் குழுக்களுடன் முதன்முறையாகக் களமிறங்கிய அவர்கள் எத்தனையாவது இடத்தைப் பெற்றனர் என்பது எமக்கு முக்கியமல்ல. மாணவர்கள் தமது பாட வேளைக்கு வெளியே வந்து, இயந்திரங்களுடன் கூடிய வேலைத்தளமொன்றில் விரும்பியதைச் செய்து பார்ப்பதற்கு அந்நிறுவனம் இடமளித்திருக்கிறது என்பதே முக்கியமானது. எமது பல்கலைக்கழகங்கள் அவதானிக்க வேண்டியது இதனையே.

அதே ஐ.ஐ.டி.யின் பொறியியல் வடிவமைப்புத் துறையில் கற்று வெளியேறிய தருண் மேத்தா, சுவப்னில் ஜெயின் ஆகிய இருவர் 2013 இல் ‘ஏதர் எனர்ஜி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். மின்சார ஸ்கூட்டர் ஒன்றை அடிப்படையிலிருந்தே வடிவமைத்து 2018 இல் பெங்களூரில் விற்பனைக்கு விட்டனர். பின்னர் தமிழ்நாட்டின் ஓசூரில் அவர்களது தொழிற்சாலை எழுந்தது. 2025 மே மாதத்தில் அந்நிறுவனம் இந்தியப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டது. மாணவர்களின் பட்டறையிலிருந்து தொழிற்சாலை வரையான வழி தமிழ்ப் பேசும் மண்ணிலும் சாத்தியமே என்பதற்கு இது சான்று.

எனினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறுவது எமது கடமை. ‘ஸ்டெல்லா’வை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த சிலர் 2016 இல் ‘லைட்இயர்’ என்ற நிறுவனத்தை நிறுவினர். அவர்கள் உற்பத்தி செய்த சூரியசக்திக் காரின் விலை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூரோ. 2022 இன் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2023 ஜனவரியில் நின்றுபோனது. அதனை மேற்கொண்ட துணை நிறுவனம் வங்குரோத்தானது. போட்டியில் நான்கு முறை வென்ற அறிவுகூட, வாங்குபவன் யார் என்ற கேள்வியின் முன்னால் தடுமாறியது. சிறந்த தொழில்நுட்பம் தானாகவே சிறந்த தொழிலாகிவிடாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இவ்விடத்தில் எமக்கு மிக நெருக்கமான பாடத்தைத் தருவது ஐரோப்பாவோ இந்தியாவோ அல்ல, ஆபிரிக்காவின் உகண்டாவாகும். உள்நாட்டுப் போரையும் வறுமையையும் கண்ட அந்நாட்டின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் விரிவுரையாளர்களும் சேர்ந்து 2011 நவம்பரில் ‘கீரா’ என்ற இரண்டு இருக்கை மின்சாரக் காரை ஓட்டிக் காட்டினர். பசிக்கு உணவில்லாத நாட்டில் கார் எதற்கு என்று கேட்டவர்களும் இருக்கவே செய்தனர். 2014 இல் அதன் அடுத்த வடிவம் ஒரு குடும்பக் காராக வந்தது. 2016 இல் அதே முயற்சியின் தொடர்ச்சியாக, கூரையில் சூரிய மின்கலத் தகடுகளைத் தாங்கிய 35 இருக்கைகள் கொண்ட ‘கயூலா’ என்ற பஸ் வெளிவந்தது. அரசின் பங்களிப்புடன் கீரா மோட்டோர்ஸ் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, ஜிஞ்சா நகரில் பஸ் தொழிற்சாலையும் நிறுவப்பட்டது.

இரண்டு பேர் செல்லும் காரில் தொடங்கியவர்கள் ஏன் பஸ்ஸில் வந்து நின்றார்கள் என்பதே இதில் ஆராயத்தக்கது. முதலாவது கார், எம்மாலும் முடியும் என்று உலகுக்குக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அது முடிந்தபின், எமது மக்கள் எதில் பயணிக்கின்றனர் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. மிகப் பெரும்பாலான உகண்டா மக்களுக்குச் சொந்தமாகக் கார் இல்லை. ஆகவே பஸ் பிறந்தது. பெருமைக்காகத் தொடங்கியது தேவையை நோக்கித் திரும்பியபோதுதான் அம்முயற்சிக்கு நிலைத்த வாழ்வு கிடைத்தது.

எமது நாட்டின் வரலாற்றைப் பார்ப்போம். 1970 களில் உபாலி விஜேவர்தன மஸ்டா, பியட் கார்களை இங்கு பொருத்தி விற்பனை செய்தார். 1995 இல் லோரன்ஸ் பெரேரா ‘மைக்ரோ’ நிறுவனத்தைத் தொடங்கினார். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் 2010 களில் தாமே செய்த பந்தயக் காருடன் இங்கிலாந்தின் மாணவர் போட்டிக்குச் சென்றுவந்தனர். அதே தசாப்தத்தில் ஹர்ஷ சுபசிங்கவின் முன்முயற்சியில் ‘வேகா’ என்ற அதிவேக மின்சாரக் கார் உள்நாட்டுப் பொறியியலாளர்களால் உருவாக்கப்பட்டது. 800 குதிரைவலுவைத் தாண்டும் வலுவுடையதென அறிவிக்கப்பட்ட அக்கார், இலங்கையராலும் இத்தகைய தொழில்நுட்பத்தைக் கையாள முடியும் என்பதை நிறுவிற்று. அதற்குரிய பாராட்டை நாம் குறைக்க விரும்பவில்லை. ஆயினும் அது எமது வீதிகளில் ஓடும் வாகனமாகவோ, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் தொழிலாகவோ இன்றுவரை மாறவில்லை. எமது ‘கயூலா’ இன்னும் பிறக்கவில்லை என்றே கூற வேண்டும்.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும் எமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பெற்றோல் முச்சக்கரவண்டிகளை மின்சார வண்டிகளாக மாற்றும் முயற்சியில் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈடுபட்டனர். நாட்டில் பதிவுசெய்யப்பட்டுள்ள முச்சக்கரவண்டிகளின் எண்ணிக்கை பதினொரு இலட்சத்தைத் தாண்டும் என்பதை நினைவிற்கொண்டால் இம்முயற்சியின் பெறுமதி விளங்கும். ஆனால் எரிபொருள் வரிசை மறைந்ததும் அந்த அவசரமும் மறைந்துவிட்டது. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதும் எமது சிந்தனையும் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1937 இல் இந்தியாவில் மின்மோட்டார் உற்பத்திக்கு வித்திட்டவர்களுள் ஒருவராகிய அவர், 1952 இல் இரண்டு இருக்கைகளைக் கொண்ட பெற்றோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபா மட்டுமே என்று கூறப்படுகிறது. உற்பத்தி செய்வதற்கு அரசாங்கத்தின் அனுமதி கிடைக்காததால் அம்முயற்சி அத்துடன் முடிந்துபோனது. கைகளில் திறமை இருந்தும் கதவு திறக்கப்படவில்லை. எமது நாட்டிலும் வாகனங்களின் பதிவு 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. பரிசோதனைக்காக மாணவர்கள் செய்யும் வாகனமொன்றைச் சோதித்து, குறித்த எல்லைக்குள் ஓட்டிப் பார்ப்பதற்கு இலகுவான நடைமுறையொன்று இருந்தாலொழிய, எவ்வளவு சிறந்த முயற்சியும் பல்கலைக்கழக மதிலுக்குள்ளேயே துருப்பிடித்துப் போகும்.

இனி எமது வாவிக்கரைக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கிறது. நகரும் மருத்துவமனையும் பெரிய பாடசாலைகளும் பெரும்பாலும் ஒரு கரையில். நெல்லும் பாலும் மறு கரையில். 1924 இல் கல்லடிப் பாலம் அமைந்தது. 2013 இல் அதற்கருகே புதிய பாலம் வந்தது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கு ‘பாதை’யே மக்களைக் கடத்தியது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஆசிரியர்களும் விவசாயிகளும் நோயாளிகளும் பாதைக்காகக் காத்துநின்ற காலம் நீண்டது. பாலங்கள் வந்தபின்னரும் படுவான்கரையின் உள்ளூர்ப் பாதைகள் மாரியில் சேறாகவும் கோடையில் புழுதியாகவும் இருக்கின்றன. அங்கு பஸ் வராத கிராமங்களுக்கு லான்ட் மாஸ்டர் இயந்திரமே பஸ்ஸாகவும் லொறியாகவும் அம்புலன்ஸாகவும் பயன்பட்டு வந்துள்ளது.

வாகனத்தை அறிந்த கைகள் எம்மிடம் இல்லையா? காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் உள்ள கராஜ்களுக்குச் சென்று பார்த்தால் விடை கிடைக்கும். உதிரிப்பாகம் கிடைக்காத வாகனத்திற்கு வேறொரு வாகனத்தின் பாகத்தைக் கடைந்து பொருத்துவதும், நெளிந்த அடிச்சட்டகத்தைக் கண்ணளவில் நேராக்குவதும் அங்கு அன்றாட வேலை. 1990 களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களும் இத்தகைய பாஸ்மாரே. போர் நடந்த காலத்திலும், சமூகங்களுக்கிடையே சந்தேகம் மூண்ட வேளைகளிலும் கூட, முஸ்லிம் பாஸிடம் தமிழ்ப் பையனும் தமிழ் பாஸிடம் முஸ்லிம் பையனும் தொழில் பழகிய கராஜ்கள் இப்பகுதியில் இருந்தன. இயந்திரத்தின் கோளாறுக்கு இனமும் மதமும் தெரியாது.

ஆனால் இந்த அறிவு எங்கும் எழுதப்படவில்லை. அதற்குச் சான்றிதழ் இல்லை. பாஸ் மூப்படையும்போது அது அவருடனேயே போய்விடுகிறது, அல்லது வளைகுடா நாடொன்றின் பணிமனைக்கு விமானம் ஏறிவிடுகிறது. மறுபுறத்தில், உயர்தரத்தில் திறமைச் சித்தி பெற்றுப் பல்கலைக்கழகம் புகும் மாணவன், பட்டம் பெறும்வரை ஓர் ஆணியையேனும் தன் கையால் முறுக்காமலே வெளியேறக்கூடும். பட்டம் பெற்றபின் அரச நியமனம் கோரி வீதியோரத்தில் அமர்கிறான். கையும் மூளையும் இரண்டு வெவ்வேறு சாதிகளாகப் பிரிக்கப்பட்ட கல்விமுறையின் விளைவே இது. மாணவர் வாகனத் திட்டம் என்பது இவ்விரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வழிகளுள் ஒன்று என்பதாலேயே நாம் இதனை வலியுறுத்துகிறோம்.

இம்மண்ணுக்கு இது புதியதுமல்ல. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றவர். கணிதத்தையும் இசையையும் இணைத்து, வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழ்களின் அமைப்பை ஆராய்ந்து மீட்டவர். 1947 இல் வெளிவந்த யாழ் நூல் அந்த உழைப்பின் பயன். ஏட்டில் மட்டும் இருந்ததை மரத்திலும் நரம்பிலும் மீண்டும் உருவாக்கிப் பார்க்கலாம் என்ற துணிவு வடிவமைப்பாளனுக்குரிய துணிவே. 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், அடிகளாருடன் நட்புப் பூண்டு, கல்வியே தமது சமூகத்தின் உயர்வுக்கு வழி என்ற கருத்தில் உறுதிபெற்றார். 1945 இல் அவர் முன்னின்று தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பல தலைமுறை மாணவர்களுக்குக் கைகொடுத்தது. இவ்விருவரும் உரையாடிய கரையிலேயே இன்று நாம் நிற்கிறோம்.

நிறுவனங்களுக்கும் குறைவில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரிலான அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியமும் சிற்பமும் கற்பிக்கப்படுகின்றன. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இயங்குகிறது. பொறியியல், விவசாயம், கலை, கைத்தொழில் ஆகிய நான்கும் சேர்ந்தாலே ஒரு வாகனம் உருவாகும். இந்நான்கும் எமது பிரதேசத்திலேயே அமைந்துள்ளன. ஆயினும் இவற்றை ஒன்றிணைத்து ஒரு பொருளைச் செய்துபார்க்கும் பொதுத் திட்டம் எதுவும் எமது கண்ணில் படவில்லை.

அவ்வாறானதொரு திட்டம் தொடங்கப்படின், மாணவர்களிடம் கொடுக்க வேண்டிய வினா எது? உலகின் வேகமான காரைச் செய்யுங்கள் என்பதல்ல. படுவான்கரையின் ஒரு கிராமத்திலிருந்து காலையில் இருபது பிள்ளைகளைப் பாடசாலைக்கும், நண்பகலில் அரை தொன் நெல்லையோ மீனையோ சந்தைக்கும், நள்ளிரவில் ஒரு கர்ப்பிணித் தாயை மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லக்கூடிய ஒரே வாகனத்தை வடிவமைத்துத் தாருங்கள் என்பதே அவ்வினாவாக இருக்க வேண்டும். ஏறும் படி தாழ்வாக இருக்க வேண்டும். உப்புக்காற்று பூச்சின் கீறல்களுக்குள் புகுந்து இரும்பை அரிக்கும் என்பதால் மூட்டுகளும் மின்னிணைப்புகளும் அதற்கேற்ப மூடப்பட வேண்டும். ஊர்க் கராஜில் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். விலை, ஒரு விவசாயச் சங்கமோ மீனவர் சங்கமோ கூட்டாக வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வெள்ளம் பற்றிய வினா இன்னும் கடினமானது. ஓடும் நீர் முழங்காலளவுக்கு எட்டுமுன்னரே சிறிய காரொன்றைத் தூக்கிவிடக்கூடும். அறுபது சென்ரிமீற்றர் ஆழத்தில் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் சென்றுவிடும். உழவு இயந்திரம் பாரமானது, உயரமானது என்ற நம்பிக்கையில் மக்கள் ஏறுகின்றனர். ஆனால் கொக்கியில் தொங்கும் பெட்டி பக்கவாட்டு நீரோட்டத்தின் முன் எளிதில் புரளக்கூடியது. அதில் பிடித்துக்கொள்ளப் பிடியுமில்லை, அணிந்துகொள்ள மிதப்பு அங்கியுமில்லை. இதனை ஆராயப் புகும் மாணவன், எந்த ஆழத்திற்கு மேல் எந்த வாகனமும் செல்லக்கூடாது என்ற முடிவுக்கும் வரக்கூடும். அப்போது அவனது வடிவமைப்பில் வாகனத்துடன் கூடவே வீதியோர ஆழக்குறிகளும் தடுப்புக் கதவும் மாற்றுப் படகும் இடம்பெறும். அதுவும் வடிவமைப்பே. மாவடிப்பள்ளியில் நாம் இழந்தவர்களுக்கு இந்த ஆய்வை நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதற்குச் சில ஆட்சேபனைகள் எழக்கூடும். பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை, மருத்துவமனைகளில் மருந்துப் பற்றாக்குறை என்றிருக்கும்போது இது ஆடம்பரமல்லவா என்று கேட்கலாம். ஒரு மாணவர் வாகனத்திற்கான மூலதனம் பழைய உதிரிப்பாகங்களும் ஒரு வேலைத்தளமும் பொறுமையுள்ள விரிவுரையாளர்களுமே. கட்டடம் கட்டித் திறப்புவிழா நடத்தும் செலவுடன் ஒப்பிட்டால் அது பெரிதல்ல. மாணவர் செய்யும் வாகனம் பாதுகாப்பானதா என்று கேட்பது நியாயமான கேள்வி. முறையான பரிசோதனையின்றி அத்தகைய வாகனத்தில் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றக்கூடாது என்பதே எமது நிலைப்பாடும். வர்த்தகரீதியாக வெல்லுமா என்று கேட்டால், முதலாவது வாகனம் வெல்லாமலும் போகலாம் என்பதே நேர்மையான பதில். ஆனால் அதனைச் செய்த ஐம்பது மாணவர்கள் வேறு மனிதர்களாக வெளியே வருவர். அவர்களுள் இருவரோ மூவரோ அடுத்த வாகனத்தைச் செய்வர்.

ஆகவே சம்பந்தப்பட்டவர்களிடம் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இதுதான். தென்கிழக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் தொழில்நுட்பக் கல்லூரியையும் இணைத்துக்கொண்டு, மாணவர் வாகன வடிவமைப்புத் திட்டமொன்றைக் கூட்டாகத் தொடங்க வேண்டும். அதில் இப்பகுதியின் அனுபவமிக்க பாஸ்மார் கௌரவப் பயிற்றுநர்களாக அழைக்கப்பட வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் பரிசோதனை வாகனங்களுக்கென எளிய அனுமதி நடைமுறையொன்றை வகுக்க வேண்டும். புலம்பெயர்ந்து வாழும் எமது பொறியியலாளர்களும் வளைகுடாவில் உழைக்கும் எமது தொழில்நுட்பவியலாளர்களும் பணத்தைக் காட்டிலும் தமது நேரத்தையும் அறிவையும் தர முன்வர வேண்டும். அரசியல்வாதிகள் இதனைத் தமது ஊருக்கா அடுத்த ஊருக்கா என்று இழுக்காமல் விலகி நின்றாலே பேருதவியாக இருக்கும்.

வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் இடையே தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் மாறிமாறியே அமைந்துள்ளன. அவ்வழியே செல்லும் எந்த வாகனமும் இரு சமூகத்தினரின் வாசலையும் கடந்தே ஆகவேண்டும். வெள்ளம் வரும்போது இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பெட்டியில்தான் ஏறுகின்றனர். அடுத்த மாரிக்கு முன்னர் புதிய வாகனமொன்று வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. அவர்களை எதில் ஏற்றிச் செல்வது என்ற வினாவை அடுத்த மாரிக்கு முன்னராவது எமது மாணவர்களின் மேசையில் வைத்துவிட வேண்டும் என்றே கேட்கிறோம்.